புகைச் சான்றிதழும் எங்கள் வாகனங்களும்: வன்னி உறவுகளின் அனுபவங்கள்

பரந்தன் சாரதி

இம்முறை வாகனத்தை வீதியில் ஓட்டுவதற்கான வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிப்பதற்காகப் புகைப் பரிசோதனைக்குச் சென்றபோது கண்ட ஒன்று இன்னும் மனத்தை விட்டுப் போகவில்லை. பரிசோதனை நடக்கும் விதம் எல்லோருக்கும் தெரிந்ததுதான் என்பதால் அதை விவரிக்கவில்லை.

எனது வானுக்கு முன்னால் ஓர் ஒஸ்ரின் ஏ40 நின்றது. அதன் உரிமையாளர் எழுபதைக் கடந்த ஐயா ஒருவர். புகைக்குழாய்க்குள் கருவியைச் செருகிப் பார்த்த இளைஞன், அளவு கூடியிருக்கிறது என்றும், காபுரேற்றரைச் சரிசெய்துகொண்டு வந்தால் மறுபடி பார்க்கலாம் என்றும் மரியாதையாகத்தான் சொன்னான். ஐயா கோபப்படவில்லை. காரின் பின்பெட்டியைத் திறந்து, மெல்லிய குழாய் பொருத்திய பழைய சேலைன் போத்தல் ஒன்றை எடுத்துவந்து அவனுடைய மேசையில் வைத்தார். "தம்பி, வன்னிக்குப் பெற்றோல் வரவிடாத தடைக் காலத்தில இதாலதான் ரெண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு இந்தக் காரை இயக்கினனாங்கள். பிறகு முழுக்க மண்ணெண்ணெய்தான். ஆஸ்பத்திரிக்கு எத்தினை பேரை ஏத்தினது எண்டு எனக்கே கணக்குத் தெரியாது. அப்ப ஒருத்தரும் புகை அளக்க வரேல்லை" என்றார். தொண்ணூறுகளில் பிறந்திருக்கவே மாட்டாத அந்த இளைஞன் போத்தலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றான். வரிசையில் நின்ற எங்களில் ஒருவரும் ஹோர்ன் அடிக்கவில்லை.

பிரித்தானியாவில், உற்பத்தியாகி நாற்பது ஆண்டுகளைக் கடந்த, பெரிதாக மாற்றியமைக்கப்படாத கார்களுக்கு ஆண்டுப் பரிசோதனை கட்டாயமில்லை என்று 2018 மே மாதத்திலிருந்து விதி இருக்கிறது. பெற்றோலே வராத ஆண்டுகளில் எங்களைச் சுமந்த வண்டிகளுக்கு அப்படியொரு விலக்கைக் கேட்பது நியாயமற்றது என்று எனக்குத் தோன்றவில்லை.

மாங்குளம் கராஜ்

பரந்தன் அண்ணை எழுதியதை வாசித்து நானும் கலங்கினேன். அந்தக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதற்குக் காரணம் அவற்றின் தாழ்ந்த அழுக்க விகிதம், அதாவது எரியுமுன் எரிபொருள் கலவையை எஞ்சின் அவ்வளவாக நெருக்குவதில்லை. இன்றைய எஞ்சினுக்குள் மண்ணெண்ணெயை ஊற்றினால் அது தட்டத் தொடங்கிச் சில நாட்களிலேயே பிஸ்டனைத் தின்றுவிடும். ஆனால் விலக்கு விடயத்தில் உடன்பட மாட்டேன். அங்கே நாற்பது வயதுக் கார் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை வெயில் காண வெளியே வருவது. இங்கே அது நாள்தோறும் வாடகைக்கு ஓடுகிறது.

என்னை உறுத்துவது வேறொன்று. ஜப்பானியக் கார் ஒன்றை இழுவை இல்லை என்று கொண்டுவந்தார்கள். புகையைச் சுத்தமாக்கும் கட்டலிட்டிக் கொன்வேட்டரைக் கழற்றி ஒரு முனையில் ரோச் வெளிச்சத்தைப் பிடித்தேன். மறுமுனையில் ஆயிரம் சிறு கண்களாக ஒளி தெரிய வேண்டும். எனக்குத் தெரிந்ததோ ஓர் ஓரத்தில் பிறை அளவு வெளிச்சம் மட்டுமே. உள்ளே தேன்கூடு போல அமைந்த பகுதியில் பெரும்பங்கு உருகிக் கட்டியாகியிருந்தது. குற்றம் தேன்கூட்டுடையது அல்ல. பெற்றோலை எரிக்கும் பொறிக்கு மின்சாரம் கொடுக்கும் இக்னிசன் கொயில் ஒன்று பழுதாகி, எரியாத பெற்றோல் புகைக்குழாய் வழியே வந்து உள்ளேயே எரிந்திருக்கிறது. உரிமையாளரிடம் காட்டி விளக்கினேன். அவர், "வெளிநாட்டுக்காரன் தன்ர ஊர்க் காத்துக்குப் போட்டது இது. எங்கட காட்டுக்குள்ள எதுக்கு? உடைச்சுக் கொட்டிப்போட்டு வெறுங்கூட்டைப் பூட்டிவிடும்" என்றார். நான் மறுத்தேன், அவர் வேறிடத்தில் உடைப்பித்துக்கொண்டார். உள்ளிருக்கும் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் ஆகிய உலோகங்களுக்காக அந்தத் துண்டுகளை நிறுத்து வாங்கிச் செல்லவும் ஆள் வருகிறது.

அந்தக் கொன்வேட்டர் காருக்குள் எப்படி வந்தது என்பதை அறிந்தால் இந்தப் பேச்சு எழாது. அமெரிக்காவில் 1970இல் தூய காற்றுச் சட்டம் கடுமையாக்கப்பட்டபோது, இது முடியாத காரியம், கார் விலை வானத்துக்கு ஏறிவிடும் என்று டெட்ரோயிட் கார் நிறுவனங்கள் எதிர்த்தன. 1975ஆம் ஆண்டு மாடல்களில் அதே நிறுவனங்கள் கொன்வேட்டரைப் பொருத்தின. ஹொண்டா நிறுவனமோ எரியும் அறையின் அமைப்பையே மாற்றி, கொன்வேட்டர் இல்லாமலே அந்த அளவுக்குள் நின்றது. ஈயம் கலந்த பெற்றோல் தேன்கூட்டைக் கொன்றுவிடும் என்பதால் பெற்றோலும் மாற வேண்டியிருந்தது. இலங்கையில் ஈயப் பெற்றோல் நின்றது 2002இல். அதுவரை இங்கே கொன்வேட்டர் பயனற்றது என்று ஒருவர் சொல்லியிருந்தால் ஏற்றுக்கொண்டிருப்பேன். இன்று ஏற்க முடியாது.

முள்ளியவளை ஆசிரியை

இரண்டு பதிவுகளும் வாகனத்தின் பக்கம் நின்று எழுதப்பட்டவை. வீதியோரத்தில் நிற்பவர்களையும் கொஞ்சம் பாருங்கள்.

பாடசாலை விட்ட நேரம் தரிப்பிடத்தில் பிள்ளைகளோடு நின்றேன். ஆட்களை ஏற்றிக்கொண்டு பஸ் ஒன்று புறப்பட்டது. சாரதி முழுவதுமாக மிதித்ததும் பின்னால் கரும்புகை அப்பிக்கொண்டது. புகை கலைந்த பிறகு பார்த்தால், நான்காம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தியின் வெள்ளைச் சட்டையின் தோளில் பொட்டுப் பொட்டாகக் கரி படிந்திருந்தது. அவள் அதைத் தட்ட, தட்டிய இடமெல்லாம் கோடாக இழுபட்டது. "அம்மா அடிப்பா, ரீச்சர்" என்றாள். சட்டையில் படிந்தது கண்ணுக்குத் தெரிந்தது. ஏற்கெனவே முட்டு வருத்தத்துக்கு மருந்து எடுக்கும் அந்தப் பிள்ளையின் நெஞ்சுக்குள் போனது எவருக்கும் தெரியாது.

மறுநாள் அதே பஸ்ஸின் நடத்துநரிடம் கேட்டேன். சான்றிதழ் இருப்பதாகச் சொன்னார். கண்ணாடியில் ஒட்டிய அனுமதிப்பத்திரத்தையும் காட்டினார். பரிசோதனைக்கு முதல்நாள் எஞ்சினுக்குப் போகும் டீசலின் அளவைக் கூட்டிக் குறைக்கும் பம்பின் திருகைக் குறைத்து வைத்துவிட்டு, சான்றிதழ் கைக்கு வந்ததும் பழையபடி கூட்டிவிடுவார்கள் என்பதையும் எந்தத் தயக்கமும் இன்றி அவரே சொன்னார். "திருகு குறைஞ்சா சனத்தை ஏத்திக்கொண்டு ஏற்றம் ஏறாது, ரீச்சர்" என்பது அவருடைய நியாயம். அவரைப் பகைத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. அந்த ஒரு பஸ்ஸை விட்டால் எங்கள் பிள்ளைகளுக்கு வேறு வழியில்லை. ஆயினும், இந்த விதியால் வாகனக்காரருக்குக் கரைச்சல் என்று பேசும் எவரும் அந்தச் சட்டையைப் பார்த்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

வவுனியா நலன்விரும்பி

எனக்கும் ஒரு முறை சான்றிதழ் மறுக்கப்பட்டது. காற்று வடிகட்டியில் வன்னிச் செம்புழுதி அடைத்திருந்ததே காரணம் என்று பின்னர் தெரிந்தது. பலருக்கும் பயன்படும் என்பதால் சில விடயங்களைச் சொல்லிவைக்கிறேன்.

டீசல் வாகனத்தைக் குளிர்ந்த எஞ்சினுடன் பரிசோதனைக்குக் கொண்டுபோகவே கூடாது. கிராமத்திலிருந்து ஓட்டிச்சென்று, சூடு ஆறுவதற்குள் வரிசையில் நிற்பதே நல்லது. பரிசோதனைக்கு முந்திய வாரமே காற்று வடிகட்டியை மாற்றி, டீசல் வடிகட்டியின் அடியில் தங்கும் தண்ணீரைத் திறந்துவிடுங்கள். மாரி காலத்தில் பரல்களில் வாங்கும் டீசலில் தண்ணீர் கலந்திருப்பது நமக்குப் புதிதல்ல. டீசலை எஞ்சினுக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டர் முனைகள் சீராகச் சிதறாமல் ஒழுகினால், மற்ற எதைச் செய்தாலும் புகை நிற்காது. அவற்றைக் கழற்றி அழுத்தம் பார்க்கத் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும். பரிசோதனையில் அக்சிலேற்றரை முழுவதும் மிதித்து எஞ்சினை அதன் உச்ச வேகத்துக்குக் கொண்டுபோவார்கள் என்பதால், ரைமிங் பெல்ற் பழையதாக இருந்தால் அதை முன்கூட்டியே மாற்றிவிடுங்கள். பெல்ற் அறுந்துவிட்டதென்று பின்னர் நிலையத்தாருடன் சண்டை பிடிப்பதில் பயனில்லை. பெற்றோல் வாகனமாயின் பிளக், கொயில், ஒட்சிசன் சென்சர் ஆகிய மூன்றையும் பாருங்கள். சைலன்சரில் ஓட்டை இருந்தால் ஒட்டுவித்துக்கொண்டு செல்லுங்கள்.

இன்னொன்று. 2018இல் இறக்குமதி வாகனங்களுக்கு யூரோ 4 என்னும் ஐரோப்பியப் புகை நியமம் கொண்டுவரப்பட்டது. அந்த நியமத்துக்குரிய டீசலில் பத்து இலட்சம் பங்குக்கு 50 பங்குக்கு மேல் கந்தகம் இருக்கக்கூடாது. புதுவகை டீசல் வாகனத்தை வாங்கிவிட்டு, விலை குறைவென்று சாதாரண டீசலை அடித்தால், கரித்துகள் வடிகட்டியும் புகையைத் திருப்பியனுப்பும் வால்வும் நாளடைவில் அடைபடும். அடைபட்டதும் விதியைத் திட்டுகிறார்கள். கந்தகம் குறைந்த டீசலை அடிக்க வசதியில்லை என்றால், அந்த வகை வாகனத்தை வாங்காமல் இருப்பதே மேல்.

நெடுங்கேணி

மேலே உள்ள அறிவுரையை எவரும் கேட்கவில்லை என்றாலும், பெல்ற் விடயம் உண்மை. அயலவர் ஒருவருக்கு அப்படி நேர்ந்தது.

எனது அனுபவம் புகையே இல்லாத வாகனத்தைப் பற்றியது. எங்கள் ஒழுங்கையில் அம்மா ஆட்டைப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். பின்னால் ஹைபிரிட் கார் ஒன்று பற்றரியில் ஊர்ந்து வந்திருக்கிறது. ஆடு திரும்பிப் பார்த்தது, அம்மா பார்க்கவில்லை. மிக அருகில் வந்து ஹோர்ன் அடித்ததும் கயிற்றைக் கைவிட்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். அடிபடவில்லை. சத்தமில்லாத காரை ஏன் செய்கிறார்கள் என்று அன்று முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவருடைய கேள்வியைப் பார்வையற்றோர் அமைப்புகள் முன்பே உலகெங்கும் கேட்டிருக்கின்றன. ஐரோப்பாவில் 2019 யூலையிலிருந்து புதிய வகை மின்சார, ஹைபிரிட் கார்களும், 2021 யூலையிலிருந்து புதிதாகப் பதிவாகும் அனைத்தும், மணிக்கு 20 கிலோமீற்றர் வரை ஏதேனும் ஒலி எழுப்பியாக வேண்டும். எங்கள் ஊரில் ஓடும் ஹைபிரிட் கார்களில் பெரும்பாலானவை அதற்கு முந்தியவை. அந்தக் காரின் சொந்தக்காரர் நல்லவர். மறுநாள் வந்து அம்மாவைப் பார்த்தார். இப்போது ஒழுங்கைக்குள் நுழையும்போது கண்ணாடியை இறக்கி, வானொலியைச் சத்தமாக வைத்துக்கொண்டு வருகிறார்.

குமுழமுனை

விதிகளைப் பற்றிப் பேசுகிறோம். பணம் யாரிடமிருந்து போகிறது என்பதை எவரும் எழுதவில்லை.

2019இல் வாகனங்களுக்குக் காபன் வரி வந்தபோது, பிரதேச செயலகத்தில் எனக்கு முன்னால் நின்றவர் பழைய டீசல் வான் ஒன்றின் சொந்தக்காரர். கடலில் பிடித்த மீனை ஏற்றி இறக்கிப் பிழைப்பவர். எஞ்சினின் கொள்ளளவோடு வாகனத்தின் வயதும் சேர்த்துக் கணக்கிடப்பட்டதால் பழைய வாகனத்துக்கு வீதம் கூட. ஹைபிரிட் காருக்குக் குறைவு. அவர் பற்றுச்சீட்டை விரித்துப் பிடித்து, பக்கத்தில் நின்ற புதிய கார்க்காரரின் சீட்டோடு வரிக்கு வரி ஒப்பிட்டார். "புதுசு வாங்கக் காசில்லாததுக்கும் வரியோ?" என்று எழுதுவினைஞரிடம் கேட்டார். அந்த வரி நெடுநாள் நீடிக்காமல் நீக்கப்பட்டது. ஆனால் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியே நின்று, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் கதவு திறந்தது. அதற்கிடையில் பழைய வானின் விலையே புதியதின் விலையைத் தாண்டியது. மாற்று வாகனம் வாங்க வழியே இல்லாத ஐந்தாண்டுகளில், நல்ல புகை விடு என்று அவரிடம் சொல்வதற்கு எவருக்கு உரிமை இருக்கிறது? மாங்குளம் தம்பி இதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

மாங்குளம் கராஜ்

அண்ணை கேட்டது சரியான கேள்வி. வயதுக்கு வரி விதிப்பதை நானும் ஏற்கவில்லை. ஒழுங்காகப் பராமரித்த இருபது வயது எஞ்சின், கொயில் பழுதான ஐந்து வயது எஞ்சினைவிடச் சுத்தமாக ஓடுவதை எனது கராஜில் பார்க்கிறேன். வெளியே வரும் புகையை அளந்து அதற்கேற்ப அறவிடுவதே நீதி. மீன் ஏற்றும் அந்த வானுக்கு இன்ஜெக்டர் முனைகளை மாற்றினால் புகை குறையும், டீசலும் மிச்சப்படும். அந்தச் செலவுக்குத் தவணைக் கடன் கொடுக்க ஊர்ச் சங்கங்கள் முன்வந்தால் எவ்வளவோ பேர் செய்துகொள்வார்கள்.

ஆனால் ஆசிரியை சொன்ன திருகு விடயத்தில் எனக்கு இரக்கம் வரவில்லை. பரிசோதனை நேரத்தில் மட்டும் நல்ல பிள்ளையாக நடப்பதை வொல்க்ஸ்வாகன் நிறுவனம் மென்பொருளால் செய்தது. 2015 செப்ரெம்பரில் அது வெளிப்பட்டபோது, உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் கார்களில் அந்த ஏற்பாடு இருந்ததாக நிறுவனமே ஒப்புக்கொண்டது. அங்கே மென்பொருள், இங்கே திருகாணி, ஏமாற்று ஒன்றுதான். பம்பின் திருகில் ஈய முத்திரை வைத்துத்தான் தொழிற்சாலையிலிருந்து அனுப்புகிறார்கள். முத்திரை அறுந்த பம்புக்குச் சான்றிதழ் இல்லை என்று பரிசோதனை நிலையங்கள் ஒரே ஒரு விதியைச் சேர்த்தாலே, அந்தப் பிள்ளையின் சட்டையில் படிந்த கரியில் பாதி குறையும். பாரம் ஏற்றினால் ஏற்றம் ஏறாது என்று சொல்லும் நடத்துநர், பஸ்ஸை என்னிடம் கொண்டுவரட்டும். கிளட்சையும் இன்ஜெக்டரையும் பார்த்துத் திருத்தித் தருகிறேன். திருகைத் தொடாமலே அது ஏறும்.