லார்ட் ஆஃப் த ஃப்ளைஸ்: மனசை விட்டுப் போகாத பையன் யார்?

கரைக்காற்று:
வில்லியம் கோல்டிங்கோட இந்த நாவல்ல பெரியவங்க யாரும் இல்லாத தீவுல பசங்க மட்டும் மாட்டிக்கறாங்க. அதுல பிக்கி, சைமன்ங்கற ரெண்டு பசங்களோட சாவு பத்தி எல்லாரும் பேசியாச்சு. விடாம உறுத்தறவன் ராஜர். நாலாம் அத்தியாயம். ஹென்றிங்கற பொடியன் தண்ணி ஓரத்துல விளையாடறான். ராஜர் மரத்து மறைவுல நின்னு அவன் பக்கமா கல் வீசறான், ஆனா குறி தப்பற மாதிரி. ஹென்றியைச் சுத்தி ஏறத்தாழ ஆறு கஜ விட்டத்துக்குள்ள ஒரு கல்லும் விழாது. அப்பா, அம்மா, ஸ்கூல், போலீஸ் யாருமே தீவுல இல்ல, ஆனாலும் கை வர மாட்டேங்குது. அதே ராஜர்தான் பதினொன்றாம் அத்தியாயத்துல நெம்புகோல் மேல சாய்ஞ்சு பிக்கி மேல பாறையை உருட்டறான். நடுவுல அவனுக்கு யாரும் எதுவும் கத்துக் கொடுக்கல.

ஏட்டுச்சுரை:
ராஜரைவிட என்னை உறுத்துபவன் பொடியன் பெர்சிவல். கூட்டத்தில் பெயரைக் கேட்டால் முழுப்பெயர், வீடு, ஊர், டெலிபோன் என்று மனப்பாடச் செய்யுள் மாதிரி ஒப்பிக்க ஆரம்பித்து அழுகையில் முடிப்பான். கடைசியில் மீட்க வந்த கடற்படை அதிகாரி எதிரில் நின்று அதையே சொல்ல வாயெடுக்கிறான். "நான்" என்பதற்கு மேல் வரவில்லை. பெயரே மறந்துவிட்டது.

சுள்ளி:
எனக்கு உறுத்தல் பிக்கியோட மூக்குக்கண்ணாடி. அதுல வெயிலைக் குவிச்சுத்தான் பசங்க கப்பலுக்குப் புகை காட்டத் தீ மூட்டறாங்க. அவனுக்குக் கிட்டப்பார்வைன்னு கோல்டிங்கே எழுதியிருக்கார். கிட்டப்பார்வைக்குப் போடறது குழிலென்ஸ். அது வெயிலை விரிக்கும், குவிக்காது. எத்தனை நேரம் பிடிச்சாலும் தீ வராது. தூரப்பார்வைன்னு எழுதியிருந்தா கதை நிக்கும்.

யாராவது முயற்சி பண்றதா இருந்தா, ப்ளஸ் பவர் வேணும், வெள்ளெழுத்துக் கண்ணாடி மாதிரி. ப்ளஸ் 3 லென்ஸுக்குக் குவிதூரம் 33 சென்டிமீட்டர். அங்க விழற சூரியப் புள்ளி சுமார் 3 மில்லிமீட்டர். புள்ளி பெருசா, மங்கலாத் தெரிஞ்சா தூரம் தப்பு, முன்னும் பின்னும் நகர்த்துங்க. கை ஆடினா சூடு ஒரே இடத்துல சேராது, முழங்கையைத் தரையில ஊன்றிக்கணும். பச்சைப் புல்லு, வெளுத்த காகிதம் வேணாம். நல்லாக் காய்ஞ்சு, உக்கிப்போன கருப்பு மரத்தூள்தான் சீக்கிரம் பிடிக்கும். புகை வந்ததும் ஓங்கி ஊதாதீங்க, கங்கு சிதறிடும். சருகு, அப்புறம் தீக்குச்சி மொத்தச் சுள்ளி, அதுக்கப்புறம்தான் விரல் மொத்தம். கப்பலுக்குத் தெரியணும்னா கங்கு கனிஞ்ச பிறகு மேல பச்சை இலை போடணும். பசங்க முதல் நாள் காய்ஞ்ச விறகை மலையா குவிச்சு வெறும் ஜுவாலையத்தான் எழுப்பினாங்க, புகையே இல்ல. அது காட்டுக்குப் பரவி, முகத்துல மச்சம் இருந்த பொடியனை அதோட யாரும் பார்க்கல.

மூன்றாம் கரை:
சுள்ளி சார், லென்ஸை விடுங்க. தீயைக் காக்க ஆள் நிக்காததுதான் ஓட்டை. காவல்ல இருந்த இரட்டையர் சாமையும் எரிக்கையும் வேட்டைக்காரப் பசங்க தலைவன் ஜாக் பன்றி வளைக்கக் கூட்டிட்டுப் போனான், தீ அணைஞ்சுது, கப்பல் போயிடுச்சு. நிஜத்துலயே 1965ல, பசிபிக் கடல்ல இருக்கற டோங்கா நாட்டுப் பசங்க ஆறு பேர் ஆளில்லாத அட்டா தீவுல மாட்டினாங்க. 1966 செப்டம்பர்ல மீட்கற வரைக்கும் வேலையை முறை வச்சுப் பிரிச்சு, மூட்டின தீயை அணைய விடல. ஒருத்தனுக்குக் கால் முறிஞ்சப்பவும் மத்தவங்களே கட்டுப் போட்டுப் பார்த்துக்கிட்டாங்க. பசங்கன்னாலே அடிச்சுக்கும்னு கோல்டிங்கை வச்சு முடிவு கட்டறவங்க இதுக்கு என்ன சொல்வீங்க?

ஏட்டுச்சுரை:
ஒப்பிடுவதே தப்பு. அட்டாவில் இருந்தவர்கள் ஒரே பள்ளியில் படித்த வளர்ந்த பையன்கள், முன்பே நண்பர்கள். நாவலில் ஆறு வயதுப் பொடியன்கள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் ஜாக்கின் பாடகர் குழு, வரிசை கட்டி, தலைவனோடு வந்து இறங்குகிறது. அதிகாரி "யார் தலைவன்" என்று கேட்கும் இடத்தைப் பாருங்கள். செம்பட்டைத் தலை, கந்தல் கருப்புத் தொப்பி, இடுப்பில் உடைந்த கண்ணாடியோடு ஒரு சின்னப் பையன் முன்னால் வந்து நின்றுவிடுகிறான். ஜாக் என்ற பெயரே அங்கே வராது. அதுவரை அவன் எவ்வளவு சின்னவன் என்பது நினைவிலேயே இல்லை!

கரைக்காற்று:
முறை வச்சாலும் இவங்களுக்கு நிக்காதுங்க. மூணாம் அத்தியாயத்துக் குடிசைக் கணக்கைப் பாருங்க. முதல் குடிசைக்கு எல்லாரும் வந்தாங்க, ரெண்டாவதுக்கு நாலு பேர், மூணாவதை பசங்க தலைவனாத் தேர்ந்தெடுத்த ரால்ஃபும் சைமனும் மட்டும் கட்டினாங்க, அதான் ஆடுது. ஜாக் வேட்டைக்காக முகத்துல சாயம் பூசறதுக்கு முன்னாடியே நடந்தது இது.