நான்கடித் தொட்டியில் ஷிங்கு நதிக் கெளுத்திகள்: இந்தப் பட்டியல் சரிவருமா?

கூழாங்கல் கேட்கிறார்:

வணக்கம் நண்பர்களே. நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் ஒரு தொட்டி இருக்கிறது. சுமார் 240 லிட்டர் கொள்ளும். இரண்டு மாதமாக வெறும் தண்ணீரோடு ஃபில்டர் ஓடுகிறது. அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம். பிஹெச் 6.8, வெப்பம் 26 டிகிரி. அடியில் மணல், மேலே இரண்டு பெரிய மரக்கட்டைகள்.

பிரேசிலின் ஷிங்கு நதிக் கெளுத்திகளை மட்டும் வைத்து ஒரு தொட்டி அமைக்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. என் பட்டியல் (பிளெக்கோ என்றால் உறிஞ்சும் வாயுள்ள கெளுத்தி, எல் என்பது இவற்றை அடையாளம் காண இடும் எண்): ஸீப்ரா பிளெக்கோ (எல்46) ஆறு, கிங் டைகர் (எல்66) நான்கு, கோல்ட் நக்கெட் (எல்18) இரண்டு, சன்ஷைன் (எல்14) ஒன்று, அப்புறம் அடியில் மேய கோரிடோராஸ் என்கிற சின்னக் கெளுத்தி ஆறு. எல்லாம் ஒரே நதி மீன்கள்தானே, ஒத்துப்போகும் என்று நினைக்கிறேன். சரியா?

குகைக்காவலன்:

பட்டியலைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது, கோபித்துக்கொள்ளாதீர்கள். பன்னிரண்டு வருடத்துக்கு முன் நான் எழுதி வைத்திருந்த பட்டியலும் கிட்டத்தட்ட இதுதான்.

ஷிங்கு ஒன்றும் சின்ன ஓடை இல்லை. 1,600 கிலோமீட்டருக்கு மேல் ஓடி அமேசானில் சேர்கிற ஆறு. அதில் ஒரு மீன் பாறை இடுக்கின் இருட்டில் கிடக்கும், இன்னொன்று பாறை முதுகில் படிந்த பாசியைச் சுரண்டும், மற்றொன்று நத்தை தேடி அலையும். ஊர் ஒன்றுதான், அடுப்பு வேறு வேறு.

பிளெக்கோ வாங்கப் போனால் முதலில் பல்லைப் பாருங்கள். கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கும்போது வாய் நன்றாகத் தெரியும். ஸீப்ராவுக்குப் பற்கள் கொஞ்சம்தான், ஆனால் வலுவானவை. புழு, இறால் மாதிரி மாமிசம்தான் அதற்குப் பிடிக்கும். கோல்ட் நக்கெட்டுக்கு சீப்பு மாதிரி நெருக்கமாக ஏகப்பட்ட பொடிப் பற்கள், நாள் முழுக்கச் சுரண்டுவதற்கு. சன்ஷைனுக்கு நீளமான சில பற்கள் மட்டும். நத்தையையும் பாறையில் ஒட்டியிருக்கும் பஞ்சுயிரிகளையும் பிய்த்துத் தின்கிற ஆள்.

இது தெரியாமல்தான் என் முதல் கோல்ட் நக்கெட்டை இழந்தேன். ஸீப்ராக்களுக்கு தினமும் ராத்திரி உறைந்த ரத்தப்புழு போடுவேன். அதுவும் சேர்ந்து ஆசையாகத் தின்றது, நானும் பார்த்து மகிழ்ந்தேன். மூன்றாவது வாரம் வயிறு உப்பி, ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. சீக்கு வந்து செத்தது என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். என் கைதான் அதற்குக் காரணம்.

சன்ஷைனை விட்டுவிடுங்கள். கடையில் விரல் நீளம் இருக்கும், வளர்ந்தால் ஓர் அடி. உங்கள் தொட்டியின் அகலமே ஒன்றரை அடிதான்.

கிங் டைகரும் வேண்டாம், அல்லது ஸீப்ரா வேண்டாம். இரண்டும் ஹைபான்சிஸ்ட்ரஸ் பேரினம். ஆற்றில் ஸீப்ரா இருப்பது வோல்டா கிராண்டே என்கிற பெரிய வளைவில் மட்டும். கிங் டைகர் அதற்கும் கீழே. தொட்டியில் இரண்டையும் அடைத்தால் கலந்து குட்டி போட்டுவிடும். அந்தக் கலப்புக் குட்டிகளை யாராவது ஸீப்ரா என்று விற்பார்கள், வாங்கியவர் அதை வைத்து மறுபடி குட்டி எடுப்பார். இந்த மீனுக்கு அப்படி ஒரு குழப்பம் வேண்டாம். வளைவில் பெலோ மோன்டே அணை வந்து, 2016-லிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள். ஆற்றுத் தண்ணீரில் பெரும்பங்கை வளைவுக்குள் விடாமல் கால்வாயில் திருப்புகிறார்கள். காட்டு ஸீப்ராவைப் பிரேசிலிலிருந்து ஏற்றுமதி செய்யவும் தடை. எனவே தொட்டியில் பிறந்த குட்டிகளையே வாங்குங்கள். 'ஆற்றில் பிடித்தது' என்று யாராவது பெருமையாகச் சொன்னால் அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள்.

வெப்பம் 26 போதாது, 28-லிருந்து 30 வரை வேண்டும். சிக்கலே இங்கேதான். தண்ணீர் சூடானால் பிராணவாயுவைப் பிடித்து வைக்கும் திறன் குறையும்: 25 டிகிரியில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் வரை கரையும், 30-ல் 7.5 தான். வேகமாக ஓடும் தண்ணீரில் வளர்ந்த மீன் அந்த வித்தியாசத்தை உணரும். மணிக்கு 2,000 லிட்டராவது சுழல வேண்டும், மேற்பரப்பு நன்றாகக் கலங்க வேண்டும். மின்சாரம் போனாலும் ஓடுகிற மாதிரி பேட்டரியில் ஒரு காற்று பம்ப் வைத்திருங்கள். நான் வைத்திருக்கிறேன், எதற்கென்று கேட்காதீர்கள்.

கோரிடோராஸில் ஷிங்குவின் பெயரையே தாங்கிய ஸிங்குவென்சிஸ் என்று ஓர் இனம் உண்டு. ஆனால் நீங்கள் வைக்கப்போகிற வேகத்தில் அது நிம்மதியாக மேயாது.

நீரோட்டம்:

குகைக்காவலன் அண்ணன் மீனைப் பார்த்தார், தண்ணீரைப் பார்க்கவில்லை. வெறும் தண்ணீரோடு இரண்டு மாதம் ஃபில்டர் ஓடினால் அம்மோனியா பூஜ்யமாகத்தான் இருக்கும், போடவே இல்லையே! மீன் கழிவில் வரும் அம்மோனியா விஷத்தை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுவது ஃபில்டரில் வாழும் பாக்டீரியாதான். அதற்குச் சாப்பாடு கொடுத்தால்தானே அது பெருகும்? தினமும் ஒரு சிட்டிகை மீன் உணவு போட்டு அழுகவிடுங்கள். அம்மோனியா ஏறி இறங்கி, நைட்ரைட் ஏறி இறங்கி, கடைசியில் நைட்ரேட் மட்டும் நிற்கும் வரை பொறுங்கள். நாலு, ஆறு வாரம் ஆகலாம்.

மரக்கட்டை இரண்டில் ஒன்றை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கல் அடுக்குங்கள். மணலைத் தோண்டினாலும் சரியாதபடி கல் நேராகக் கண்ணாடித் தரையில் உட்கார வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் அண்ணனோடு ஒத்துப்போகவில்லை. ஸீப்ராவோடு கோல்ட் நக்கெட்டை நான் ஐந்து வருடமாக வைத்திருக்கிறேன். வெயில் படும் இடத்தில் ஒரு டப்பில் தண்ணீர் ஊற்றி உருண்டைக் கற்கள் போட்டிருக்கிறேன். பாசி பிடித்ததும் இரண்டு கல் உள்ளே போகும், சுரண்டி வழுக்கையான இரண்டு கல் வெளியே வரும். ஸீப்ராவின் புழு விளக்கணைத்த பிறகு, குகை வாசலிலேயே, உறிஞ்சுகுழாயில்.

குகைக்காவலன்:

கல் யோசனை பிரமாதம், அதை நான் திருடிக்கொள்கிறேன். ஆனால் தம்பி, உங்கள் தொட்டி ஆறடி என்று முன்பு எழுதிய ஞாபகம். 240 லிட்டரில் 20 செ.மீ. தாண்டுகிற ஒரு மீன் தனக்கென்று ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டால் ஸீப்ராக்களுக்கு என்ன மிச்சம்?

நீரோட்டம்:

ஆறடிதான். அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். சரி, ஒப்புக்கொள்கிறேன்.

கூழாங்கல்:

இரண்டு பேருக்கும் நன்றி. அம்மோனியா விஷயம் நிஜமாகவே தெரியாது, இன்றைக்கே உணவு போட ஆரம்பித்துவிட்டேன். பட்டியலைக் கிழித்துவிட்டு ஸீப்ரா எட்டு மட்டும் என்று முடிவு செய்திருக்கிறேன். குகை எத்தனை வேண்டும், எவ்வளவு பெரியது?

குகைக்காவலன்:

எட்டு மீனுக்குப் பன்னிரண்டு குகை வையுங்கள். ஒரு பக்கம் அடைத்த களிமண் குழாய், 10 முதல் 12 செ.மீ. நீளம், உள்ளே 3 முதல் 4 செ.மீ. அகலம். ஆண் மீன் உடம்பால் வாசலை அடைக்கிற அளவுக்கு இறுக்கமாக இருக்க வேண்டும். இடம் தாராளமாக இருந்தால் பெண் நழுவிப் போய்விடும். வாசல் நீரோட்டத்துக்கு நேர் எதிரே வேண்டாம், ஆனால் ஓட்டம் பக்கத்தில் உரசிக்கொண்டு போகட்டும்.

குட்டிகளாக வாங்கினால் முதல் முட்டைக்கு மூன்று வருடம்கூட ஆகலாம். ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து முட்டைதான். அப்பா உள்ளே இருந்து வாலால் விசிறிக்கொண்டே இருப்பார். பொரிய ஒரு வாரம், மஞ்சள்கரு வற்ற இன்னும் பத்து நாள். அந்த நாட்களில் டார்ச் அடித்து எட்டிப் பார்க்காதீர்கள். நான் அடித்தேன். மறுநாள் காலை முட்டைகள் குகைக்கு வெளியே மணலில் கிடந்தன.