சட்டை எரிந்த ஊரில் இருந்தவர்கள் சொல்லுங்கள்

ஏரிக்கரைவாசி:
கிளீவ்லாந்தில் பதினெட்டு வருஷமாக இருக்கிறேன். கூடைப்பந்து வீரர் லெப்ரான் ஜேம்ஸ் இந்த ஊர் டீமான கேவலியர்ஸை (கேவ்ஸ்) விட்டு இரண்டு முறை போயிருக்கிறார். 2010-இல் மயாமிக்கு, 2018-இல் லாஸ் ஏஞ்சலஸுக்கு. இரண்டாவது தடவை ஊர் பெருமூச்சு விட்டதோடு சரி. முதல் தடவை நடந்ததுதான் எனக்கு இன்னும் செரிக்கவில்லை. அப்போது இங்கே இருந்தவர்கள் நேரில் பார்த்ததை, கேட்டதை எழுதுங்கள். யூடியூபில் பார்த்தது வேண்டாம்.

நானே ஆரம்பிக்கிறேன். என் ஆபீஸ் அப்போது டவுன்டவுனில். ஒரு பெயிண்ட் கம்பெனிக் கட்டிடத்தின் சுவரில் பத்து மாடி உயரத்துக்கு லெப்ரான் கையை விரித்து நிற்கும் நைக்கி பேனர். தினமும் அதன் அடியில்தான் நடப்பேன். ஜூலை 8, வியாழன் இரவு டிவியில் உட்கார்ந்து மயாமிக்குப் போவதாகச் சொன்னார். அந்த வாரக் கடைசியிலேயே பேனரை இறக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

நான் வண்டி நிறுத்தும் இடத்தில் ஒரு பெரியவர் இருந்தார். கறுப்பினத்தவர், எழுபது வயதிருக்கும். திங்கட்கிழமை காலை, "வருத்தமா சார்?" என்றேன். பதில் சொல்லாமல் மடித்து வைத்திருந்த ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். டீம் முதலாளி டான் கில்பர்ட் அன்றிரவே ரசிகர்களுக்கு எழுதி வெப்சைட்டில் போட்ட கடிதம். காமிக் சான்ஸ் எழுத்துருவில், குழந்தையின் பிறந்தநாள் அழைப்பிதழ் மாதிரி இருக்கும். 'கோழைத்தனமான துரோகம்' என்றெல்லாம் அதில் உண்டு. பெரியவர் அதைத் தொடவில்லை. 'விசுவாசமின்மை' என்று வந்த இடத்தில் மட்டும், தாள் கிழிகிற அளவுக்குப் பால்பாயிண்ட் பேனாவால் அடிக்கோடு போட்டிருந்தார்.

"ஏழு வருஷம் ஆடினான். காண்ட்ராக்ட் முடிந்தது. முடிந்த பிறகு என்ன விசுவாசம்?" என்றார். அப்புறம், "கர்ட் ஃப்ளட் யார் என்று போய்ப் படி" என்று அனுப்பிவிட்டார்.

படித்தேன். செயின்ட் லூயிஸில் பன்னிரண்டு சீசன் பேஸ்பால் ஆடிய கறுப்பின வீரர். 1969-இல் அவரைக் கேட்காமலே ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றினார்கள். வாங்கி விற்கும் சொத்தல்ல நான் என்று பேஸ்பால் லீக் ஆணையருக்குக் கடிதம் எழுதி வழக்குப் போட்டார். வருஷத்துக்கு 90,000 டாலர் வாங்குகிறவருக்கு என்ன குறை என்று டிவியில் கேட்டபோது, நல்ல சம்பளம் வாங்கினாலும் அடிமை அடிமைதான் என்றார். 1972-இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். அவருடைய ஆட்ட வாழ்க்கையும் அந்த வழக்கோடு போயிற்று.

பழைய_மாணவன்:
அந்த வியாழன் இரவு நான் ஒரு பாரில் இருந்தேன். உடன் படிக்கும் நாலு பேர், அதில் ஒருவன் கறுப்பினப் பையன், என் லேப் பார்ட்னர். அறிவிப்பு வந்ததும் அரை நிமிஷம் சாவு வீடு மாதிரி அமைதி. அப்புறம் எல்லோரும் தெருவுக்கு வந்தார்கள். யாரோ 23-ஆம் எண் சட்டைக்குத் தீ வைத்தார்கள். பாலியஸ்டர் துணி, கொழுந்துவிட்டு எரியாது. சுருங்கி, உருகி, சொட்டுச் சொட்டாக ரோட்டில் விழுந்தது. பிளாஸ்டிக் நாற்றம் தொண்டையைப் பிடித்தது.

நான் போனை எடுத்துப் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். கூட்டத்தில் ஒருவன் ஒரு சொல் சொன்னான், இங்கே எழுத மாட்டேன். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். லேப் பார்ட்னரும் கேவ்ஸ் சட்டைதான் போட்டிருந்தான், நொந்துபோயும் இருந்தான். என் முழங்கையைத் தொட்டு, "நாம் போயிடலாம்" என்றான். கார் வரைக்கும் ஒன்றும் பேசவில்லை. அந்த வீடியோவை நான் அப்புறம் போட்டுப் பார்க்கவே இல்லை.

பார்மாக்காரர்:
நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், மன்னிக்கணும். 1995-இலிருந்து இங்கே இருக்கிறேன். நான் வந்த வருஷம்தான் ஆர்ட் மோடல் பிரவுன்ஸ் ஃபுட்பால் டீமையே பால்டிமோருக்குத் தூக்கிக்கொண்டு போவதாக அறிவித்தார். அவர் வெள்ளைக்காரர், முதலாளி. ஊர் அவரைச் சபித்த மாதிரி லெப்ரானைச் சபிக்கவில்லை. 2012-இல் சாகும்வரை கிளீவ்லாந்து பக்கம் தலைகாட்ட முடியவில்லை அவரால். கைவிடப்பட்டுக் கைவிடப்பட்டு ரணமான ஊர் இது. எல்லாவற்றிலும் இனத்தைத் தேடாதீர்கள். போனதில் தப்பில்லை. ஒரு மணி நேர நிகழ்ச்சி வைத்து, சொந்த ஊர்க்காரர்களை டிவி முன்னால் உட்காரவைத்து, உறவை அறுத்தாரே, அதுதான்.

2010 டிசம்பர் 2-ஆம் தேதி மயாமி இங்கே ஆட வந்தபோது நானும் அரங்கத்தில் இருந்தேன். நானும்தான் கத்தினேன். லெப்ரான் 38 பாயிண்ட் எடுத்து, 118-90 என்று எங்களை அடித்துவிட்டுப் போனார்.

ஏரிக்கரைவாசி:
அண்ணே, மோடல் விஷயம் சரிதான். ஆனால் அவர் போகும்போது ஆட்டக்காரர்களையும் சேர்த்துத்தானே மூட்டை கட்டினார்? அவர்களை யாராவது கேட்டார்களா?

அக்ரன்_டயர்:
லெப்ரான் பிறந்த ஊரில், அக்ரனில், ஆறு வருஷம் இருந்தேன். ரப்பர் ஆராய்ச்சி வேலை. என் அபார்ட்மெண்டுக்குக் கீழே கறுப்பினத்தவர் நடத்தும் முடிவெட்டும் கடை. நம் தலைமுடி அவர்களுக்குப் புதுசு, முதல் நாள் என்னை உட்காரவைத்து மூன்று பேர் ஆலோசனை நடத்தினார்கள். அது தனிக் கதை.

ஜூலை 11, ஞாயிறு. கறுப்பின உரிமைத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சன் அறிக்கை விட்டிருந்தார்: கில்பர்ட்டின் பேச்சு அடிமை வைத்திருந்த எஜமானனின் மனநிலை, லெப்ரானை 'ஓடிப்போன அடிமை'யாகப் பார்க்கிறார் என்று. மறுநாள் லீக் ஆணையர் டேவிட் ஸ்டெர்ன் கில்பர்ட்டுக்கு ஒரு லட்சம் டாலர் அபராதம் போட்டு, ஜாக்சன் சொன்னதும் தவறு என்றார். இரண்டு பக்கமும் ஒரு குட்டு.

கடையில் எல்லோரும் ஜாக்சன் கட்சி என்று நினைத்துக்கொண்டு போனேன். இல்லை. கோடிக்கணக்கில் வாங்குகிறவனை அடிமை என்றால் என் கொள்ளுப்பாட்டன் யார் என்று ஒருவர் கொதித்தார். லெப்ரானைத் திட்டாத ஆள் அங்கே இல்லை. எனக்கு வெட்டிக்கொண்டிருந்தவர் மட்டும் கத்தரியை நிறுத்திவிட்டுச் சொன்னார், தமிழில் எழுதினால் இப்படி வரும்: "எங்கள் கோபம் வீட்டுப் பிள்ளை சொல்லாமல் போன கோபம். அந்த ஆளுடைய கோபம் பண்டம் தொலைந்த கோபம்." கில்பர்ட்டின் இன்னொரு கம்பெனி லெப்ரான் சுவர்ப்படத்தின் விலையை 99.99 டாலரிலிருந்து 17.41-ஆகக் குறைத்திருந்தது. 1741, சுதந்திரப் போரில் பிரிட்டிஷ் பக்கம் தாவிய அமெரிக்கத் தளபதி பெனடிக்ட் அர்னால்ட் பிறந்த வருஷம். "பார், விலைச்சீட்டு ஒட்டியே திட்டுகிறார்" என்று அவர் சொன்னதும் கடை முழுக்கச் சிரிப்பு.

பட்டுப்புடவை_ஸ்னோபூட்ஸ்:
எனக்கு கூடைப்பந்து தெரியாது. 2011-இல் தியாகராஜ ஆராதனைக்காக கிளீவ்லாந்து வந்தேன். டாக்சி டிரைவர் வழியெல்லாம் புலம்பல்: போன வருஷம் 61 ஆட்டம் ஜெயித்த டீம் இந்த வருஷம் 19, அதில் 26 தொடர்ந்து தோல்வி. வேறு ஊர் மாப்பிள்ளையோடு ஓடிப்போன பெண்ணைப் பற்றிப் பேசுகிற மாதிரியே இருந்தது. நடுவில் அவர் கேட்டார், "நீங்கள் வேலை மாறினால் உங்கள் பாஸ் ஊருக்கே லெட்டர் போடுவாரா?"

ஹெச்ஒன்பி_2009:
போடுவார். ஊருக்கு இல்லை, டீமுக்கு. நான் அப்போதைய கம்பெனியை விட்டுப் போனபோது மேனேஜர் (நம்ம ஊர்க்காரர்தான், வெள்ளைக்காரர் இல்லை) எல்லோருக்கும் மெயில் அனுப்பினார். விசா போட்டுக் கூட்டிவந்தோம், இப்படிச் செய்துவிட்டான் என்று. அப்பாவிடம் போனில் சொன்னால் அவரும், "உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணலாமாடா?" என்றார். மணிக்கு என்னை எவ்வளவுக்கு விற்றார்கள், எனக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று கணக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து, "அப்போ யாரு வீட்டுல யாரு உண்டது?" என்றார். லெப்ரானின் கோடிகளோடு என்னை ஒப்பிடவில்லை. அவருக்கு இருந்த தோல் நிறப் பாரமும் எனக்கு இல்லை. அந்த மெயிலின் தொனி மட்டும் ஒன்று.

பார்மாக்காரர்:
தம்பி, இது வேறு, அது வேறு. ஆனாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு அரங்கத்தில் எனக்குப் பின்வரிசையில் இருந்தவர்கள் லெப்ரானின் அம்மாவைப் பற்றிக் கத்தியதைத் திரும்பச் சொல்ல முடியாது. என் மகனுக்கு ஒன்பது வயது, பக்கத்தில் இருந்தான். மூன்றாவது குவார்ட்டரிலேயே எழுந்து வந்துவிட்டோம். ஸ்கோரால் என்று வீட்டில் சொன்னேன்.

ஏரிக்கரைவாசி:
2014-இல் அதே முதலாளியிடமே லெப்ரான் திரும்பி வந்தார். அந்தக் கடிதம் அதற்குக் கொஞ்ச நாள் முன்புவரை டீம் வெப்சைட்டில்தான் கிடந்தது. 2016-இல் இறுதித் தொடரில் 3-1 என்று பின்தங்கியிருந்த டீமைத் தூக்கி நிறுத்திக் கோப்பை வாங்கிக் கொடுத்தார். 52 வருஷத்தில் ஊருக்கு வந்த முதல் பெரிய கோப்பை.

ஊர்வலத்தன்று நிற்க இடமில்லை. எங்கு பார்த்தாலும் மடிப்புக் கலையாத புது 23. பார்க்கிங் பெரியவர் ஓய்வு பெற்றிருந்தார், கூட்டத்தில் தற்செயலாகப் பார்த்தேன். போட்டிருந்தது 2003-இல் வாங்கிய சட்டை, வெளுத்து, 2 பாதி உரிந்து, 3 மட்டும் தெரிந்தது. "மயாமி போனபோதும் இதைப் போட்டீர்களா சார்?" என்றேன். "வீட்டுக்குள்ளே" என்றார்.