கினேகியன் இன்றைய இஸ்தான்புல்லில் எங்கே?

வணக்கம். கான்ஸ்டான்டினோபிளின் (இஸ்தான்புல்லின் பழைய பெயர்) சிலைகளையும் அவற்றைச் சுற்றிய கதைகளையும் சொல்லும் கிரேக்க நூல்கள் இரண்டு: 8ஆம் நூற்றாண்டின் 'பராஸ்டாசெய்ஸ்', 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொகுத்த 'பட்ரியா'. இவற்றில் வரும் இடங்களை இன்றைய இஸ்தான்புல் வரைபடத்தில் குறித்து வருகிறேன். கினேகியன் என்ற அரங்கத்தில் வந்து வேலை நின்றுவிட்டது.

ஹிப்போட்ரோம் என்ற பந்தய மைதானத்தின் பாம்புத் தூணும் கான்ஸ்டன்டைன் தூணும் இன்றும் அங்கேயே நிற்கின்றன, அதனால் சிக்கலில்லை. கினேகியன் விலங்குச் சண்டைக்கான அரங்கம், பின்னாளில் கொலைக்களம். பராஸ்டாசெய்ஸில் எனக்கு மிகவும் பிடித்த கதை நடப்பதும் இங்கேதான். சிலைகளைப் பார்க்க வந்த இருவரில் ஹிமேரியோஸ் மேல் ஒரு சிலை விழுந்து அவர் அங்கேயே இறக்கிறார். கூட வந்த தியோடோர் பயந்துபோய் ஹாகியா சோஃபியா பேராலயத்துக்கு ஓடுகிறார். கடைசியில் பேரரசர் பிலிப்பிகோஸ் அந்தச் சிலையை அதே இடத்தில் புதைக்கச் சொன்னாராம்! அந்த இடத்தைத்தான் தேடுகிறேன்.

பிரேகரின் கிரேக்கப் பதிப்பு (1901, 1907), பராஸ்டாசெய்ஸின் 1984 ஆங்கில மொழிபெயர்ப்பு, பெர்கரின் 2013 பட்ரியா மொழிபெயர்ப்பு எல்லாம் பார்த்தாயிற்று. 5ஆம் நூற்றாண்டு நகரப் பட்டியல் ஒன்று ஆம்பிதியேட்டரை ஹாகியா சோஃபியா இருந்த இரண்டாம் வட்டாரத்தில் வைக்கிறது. அந்த ஆம்பிதியேட்டர்தான் கினேகியன் என்று எடுத்துக்கொண்டு, தோப்காப்பி அரண்மனை மேட்டின் கிழக்குச் சரிவாக இருக்கலாம் என்று கணித்தேன். சரி என்று செயற்கைக்கோள் படத்தில் தேடினால் மதிலும் மரங்களும்தான்.

கினேகியனின் இடத்தைக் காட்டும் அகழாய்வு அறிக்கையோ பழைய வரைபடமோ யாருக்காவது தெரியுமா?