கிரகடோவா 1883: உயிர்களைப் பறித்தது நெருப்பா, கடலா?

தென்கடலான்:
1883 ஆகஸ்ட் 27 அன்று வெடித்த, இந்தோனேசியத் தீவான கிரகடோவாவே மனிதர் அறிந்த எரிமலை வெடிப்புகளில் மிகப் பெரியது என்றும், அதன் நெருப்புக் குழம்பில் 36,000 பேர் வெந்து மாண்டனர் என்றும் பள்ளிப் பருவம் முதல் படித்து வருகிறேன். இவ்விரண்டும் பிழை என்று மகரந்தன் நேற்று ஒற்றை வரியில் எழுதியிருந்தார். ஒரு தீவின் பெரும்பகுதியே வானில் சிதறிப்போன நிகழ்வை அவ்வளவு எளிதாகக் குறைத்து மதிப்பிடலாமா? காரணத்தை விளக்க வேண்டுகிறேன்.

மகரந்தன்:
ஒற்றை வரியில் முடித்தது என் தவறுதான், ஐயா. அன்று அப்பகுதியை ஆண்ட டச்சு அரசு கணக்கிட்ட 36,417 உயிரிழப்புகளில் மிகப் பெரும்பாலானவை சுந்தா நீரிணையின் இருபுறமும், சாவகத்தின் (ஜாவாவின்) அஞ்ஞர், மேராக் போன்ற கடலோர ஊர்களிலும் சுமத்திராவின் தெலுக் பெத்துங்கிலும் ஆழிப்பேரலையால் நேர்ந்தவை. சில இடங்களில் அலை 30 மீட்டருக்கு மேல் எழுந்தது. பெரோவ் என்ற டச்சுப் போர்க்கப்பலை நிலத்துக்குள் வெகுதொலைவு தூக்கிச் சென்று போட்டது. குழம்பு எந்த ஊரையும் எட்டவில்லை. சுமத்திராவின் கெத்திம்பாங் பகுதியில் மட்டும், சுமார் 40 கிலோமீட்டர் கடலைக் கடந்து வந்த கொதிக்கும் சாம்பலும் வளியும் ஏறத்தாழ ஆயிரம் பேரைக் கொன்றன.

தீவு வானில் பறந்தது என்பதும் சரியன்று. நேரில் ஆய்வு செய்த டச்சு நிலவியலாளர் வெர்பீக், சிதறிக் கிடந்தவற்றில் பழைய மலையின் பாறை மிகக் குறைவு என்பதையும், பெரும்பகுதி புதிதாக வெளிவந்த நுரைக்கல்லும் சாம்பலுமே என்பதையும் கண்டார். அடிமண் அரித்துப்போன கிணற்றின் சுவர் உள்ளே சரிவதைப் போல, பாறைக்குழம்பு வெளியேறி வெறுமையான அறைக்குள் மலை இடிந்து விழுந்தது.

அளவிலும் அது முதலிடம் பெறாது. இந்தோனேசியாவின் சும்பாவா தீவிலுள்ள தம்போரா எரிமலை 1815இல் இதைப்போல் பல மடங்கு பொருளை வெளியேற்றியது. 1816இல் ஐரோப்பாவில் கோடையே வராமற்போனதற்குக் கிரகடோவாவைக் காரணம் காட்டுவோர் இன்றும் உள்ளனர். அதன் பெருவெடிப்போ 67 ஆண்டுகளுக்குப் பிந்தியது!

தென்கடலான்:
உயிரிழப்பின் காரணத்தை ஏற்கிறேன். ஆயினும் 4,800 கிலோமீட்டர் தொலைவில் இந்தியப் பெருங்கடலிலுள்ள ரொட்ரிகசு தீவில் பீரங்கி முழக்கம் போல ஓசை கேட்டதும், காற்றழுத்த அலை பூமியைப் பலமுறை சுற்றிவந்து உலகெங்கும் அழுத்தமானிகளில் பதிவானதும், நாகப்பட்டினத்துக் கடல்மட்டக் கருவி அலையைக் காட்டியதும், அந்தச் செப்டம்பரில் சென்னையில் சூரியன் பச்சையாகத் தெரிந்ததும் சிறிய செய்திகளா? எட்டிய தொலைவைக் கொண்டு அளந்தால் கிரகடோவாவே பெரிது என்பேன்.

மகரந்தன்:
அவை அனைத்தும் உண்மையே. ஆனால் 1883இல் கடலடித் தந்திக் கம்பிகளும், உலகின் பல இடங்களில் தொடர்ந்து பதிவுசெய்யும் அழுத்தமானிகளும் இருந்தன. 1815இல் தந்தியே கிடையாது. அழுத்தமானி அன்றும் உண்டு; ஆனால் தம்போரா எழுப்பிய அழுத்த அலையை உலகெங்கும் தொடர்ந்து பதிவுசெய்யும் ஏற்பாடு இருக்கவில்லை. பதிவு மிகுந்திருப்பதை வெடிப்பின் பெருமையாகக் கொள்வதைத்தான் மறுக்கிறேன்.

முத்துச்சிப்பி:
குறுக்கிடுவதற்குப் பொறுத்தருள்க. 1927 முதல் அவ்விடத்தில் வளர்ந்துவரும் அனாக் கிரகடாவ், அதாவது 'கிரகடோவாவின் பிள்ளை', சிறுகச் சிறுக வெடித்து அழுத்தத்தை வெளியேற்றுவதால் இனி அஞ்சத் தேவையில்லை என்கிறார்களே?

மகரந்தன்:
எல்லாவற்றிலும் ஆபத்தான நம்பிக்கை அதுதான், அம்மா. 2018 டிசம்பர் 22 இரவு அதன் தென்மேற்குச் சரிவு கடலில் இடிந்து விழுந்து எழுந்த அலை, சாவக, சுமத்திராக் கரைகளில் 400க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. வெடிப்பு சிறியதே. பெரிய நிலநடுக்கம் எதுவும் முன்னதாக நேராததால், நிலநடுக்கத்தை நம்பியிருந்த எச்சரிக்கை முறையால் அம்மக்களுக்கு உதவ முடியவில்லை.

தென்கடலான்:
2018 நிகழ்வை நான் இத்துடன் சேர்த்துப் பார்த்ததில்லை. 'குழம்பில் வெந்து' என்றும் 'மிகப் பெரியது' என்றும் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் ரொட்ரிகசு வரை கேட்ட அந்த ஓசைக்கு நிகராக இன்னொரு பதிவைக் காட்டும்வரை, அதைப் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை.