பழைய 'வி' சீரியல் இப்ப பார்த்தா தாங்குமா?

செவ்வாப்பேட்டை_கேசட்: 1983ல அமெரிக்காவோட என்பிசி சேனல்ல வந்த 'வி' யாருக்காச்சும் ஞாபகம் இருக்குங்களா? சிவப்பு யூனிபார்ம், கூலிங்கிளாஸ், மனுசத் தோலுக்குள்ள பல்லியா இருக்குற ஏலியனுங்க பூமிக்கு வர்ற கதை. எங்க மாமா வீட்டு விசிஆர்ல பார்த்தது, டயானான்னு ஒரு ஏலியன் பொம்பளை கினி பிக்கை முழுசா முழுங்குற சீன் தவிர ஒண்ணும் நிக்கல. லீவுக்கு பையனோட ஏற்காடு போறோம், மழை புடிச்சுட்டா ரூம்லயே தான் கெடக்கணும், அதான் லேப்டாப்ல போட்டுட்டு போலாம்னு. பழசா, 2009 ஏபிசி புதுசா?

அஸ்தம்பட்டி_அக்கா: பழசு தான் தம்பி, யோசிக்கவே வேணாம். அது பல்லிக் கதையே இல்ல. கென்னத் ஜான்சன் முதல்ல எழுதினது அமெரிக்காவுல சர்வாதிகாரம் வந்தா என்னாகும்னு, சிங்க்ளேர் லூயிஸோட 1935 நாவலைப் படிச்சுட்டு. ஸ்டார் வார்ஸ் ஓடிட்டிருந்த நேரம், சேனல்காரங்க விண்வெளிக் கதையா மாத்துன்னு சொல்லித்தான் கப்பலெல்லாம் வந்துச்சு. வந்தவன் முதல்ல யாரைத் தூக்குறான் பாருங்க, விஞ்ஞானிகளை. டிவி நிருபரம்மா அவனுக்கே பிஆர்ஓ ஆயிடுறா, ஒரு வீட்டுப் பையன் அந்த யூனிபார்ம் மேல ஆசைப்பட்டு போய் சேர்ந்து சொந்தக் குடும்பத்தையே காட்டிக் கொடுக்குறான். அந்த வீட்டுத் தாத்தா நாஜி முகாம் கொடுமையப் பார்த்தவரு. தெருவுல பசங்க ஏலியன் போஸ்டர்ல சும்மா கிறுக்கிட்டு இருப்பாங்க, இவர் திட்டாம ஸ்ப்ரே டப்பாவை வாங்கி இப்படிப் போடுங்கடான்னு பெருசா ஒரு சிவப்பு 'வி' அடிப்பாரு. எனக்கு டயானாவை விட அந்த சீன் தான் பெருசு.

கொண்டலாம்பட்டி_பைபாஸ்: அக்கா சொல்றது கரெக்ட், ஆனா இந்தக் காலத்துப் பசங்களுக்கு முதல் ஒரு மணி நேரம் கொட்டாவி வரும், சொல்லிட்டேன். 1984ல வந்த 'ஃபைனல் பேட்டில்' தான் விறுவிறுப்பு, ஜான்சன் பாதில விலகிட்டாரு, அதனாலயோ என்னவோ முடிவு சப்புனு போச்சு, அத்தனை பேர் உயிரைக் கொடுத்துப் போராடுறாங்க, கடைசில மனுசப் பொண்ணுக்கும் ஏலியனுக்கும் பொறந்த அந்தக் கலப்புக் குழந்தை மெஷின்ல கை வெச்சா பளபளன்னு எல்லாம் சரியாயிடுமாம். அட போங்கப்பா.

கன்னங்குறிச்சி_வானம்: எனக்கு லாஜிக் தான் இடிக்குது. அந்த ஏலியன் தண்ணி திருடவா அவ்ளோ தூரம் வருவான்? வியாழனோட துணைக்கோள் யூரோப்பாவுல ஐஸுக்கு அடியில நம்ம கடல் மொத்தத்தையும் விட அதிகமா தண்ணி இருக்கலாம்னு கணிக்கிறாங்க, கேக்க நாதியும் இல்ல. சரி, மனுசக் கறியும் வேணும்னு தான் வந்தான், அதை ஒத்துக்கறேன். சேலத்து மேல கப்பல் நின்னிருந்தா பனமரத்துப்பட்டி ஏரியை எட்டிப் பார்த்துட்டு நேரா மேட்டூருக்கு குழாய் போட்டிருப்பான் 😄

செவ்வாப்பேட்டை_கேசட்: 😄😄 சரி, அப்போ 83ல வந்த ரெண்டு பாகம், பையனுக்குப் புடிச்சா ஃபைனல் பேட்டில். அதுக்கப்புறம் வாராவாரம் வந்ததே?

அஸ்தம்பட்டி_அக்கா: 19 எபிசோட், விட்டுருங்க, காசில்லாம எடுத்த மாதிரி ஆயிடுச்சு. ஆனா 83 பாகத்துலயே வில்லின்னு ஒரு அப்பாவி ஏலியன் வருவான் பாருங்க, தப்புத் தப்பா இங்கிலீஷ் பேசிட்டு. நடிச்சது ராபர்ட் எங்லண்ட், அடுத்த வருசமே பேய்ப்பட வில்லன் ஃப்ரெடி க்ரூகரா வந்து ஊரைக் கதற விட்ட அதே ஆள். அதை பையன்கிட்ட படம் முடிஞ்சப்புறம் சொல்லுங்க.