பால் தொட்டி சூடேறினால் செல்பேசிக்குத் தகவல்: மோடம் அமைத்தவர்களின் அனுபவம்

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து:

கறந்த பால் ஏறக்குறைய உடல் சூட்டோடுதான் சங்கத்துக்கு வருகிறது. அதைச் சில மணி நேரத்துக்குள் 4 டிகிரிக்கு இறக்கி அங்கேயே நிறுத்த வேண்டும். எங்கள் ஊர்ப் பால் சங்கத்தில் அதற்கென்று குளிரூட்டும் தொட்டி இருக்கிறது. இரவில் அதன் அருகே ஆள் இருப்பதில்லை. போன கோடையில் ஓர் இரவு மின்சாரம் போய்த் திரும்பியபோது மூன்று பேஸில் ஒன்று மட்டும் வரவில்லை. விளக்கு எரிந்தது, கம்ப்ரசர் ஓடவில்லை. விடியற்காலையில் திறந்து பார்த்தால் பால் புளித்துக் கிடந்தது. ஒரே ஒரு மாட்டை வைத்துக்கொண்டு அந்த வருமானத்தில் வீடு நடத்தும் அப்பத்தாக்களின் பாலும் அதில்தான் இருந்தது. அவ்வளவையும் வாய்க்காலில் கொட்டும்போது யாரும் வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகுதான் இந்த வேலையைக் கையில் எடுத்தேன்.

இணையம் வழியாகத் தகவல் தரும் கருவிகள் கடையில் கிடைக்கின்றன. ஆனால் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் பெரியப்பாவிடம் இருப்பது பட்டன் போன். குறுஞ்செய்திக்கு டேட்டா தேவையில்லை. இணையம் திணறுகிற இடத்திலும் அது போய்ச் சேர்ந்துவிடும். அதனால் சிம் போட்டுக் குறுஞ்செய்தி அனுப்பும் சிம்800எல் என்ற சிறிய மோடத்தையும், அதற்குக் கட்டளையிட நிரல் எழுதிப் போடக்கூடிய ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகையையும் வாங்கினேன். இந்த மோடம் 2ஜி அலைவரிசையில் மட்டும் இயங்கும். ஜியோ தொடக்கத்திலிருந்தே 2ஜி இல்லாத சேவை என்பதால் அந்த சிம் இதில் பதிவாகாது. வாங்குவதற்கு முன் உங்கள் ஊரில் எந்த நிறுவனத்தின் 2ஜி எடுக்கிறது என்று ஒரு பழைய பட்டன் போனை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

இந்த மோடத்தைப் பலரும் பழுது என்று தூக்கிப் போடுவதற்குக் காரணம் மின்சாரம். செய்தி அனுப்பும் நொடியில் அது 2 ஆம்பியர் வரை இழுக்கும். ஆர்டுயினோவின் 5 வோல்ட் முனையில் கொடுத்தால் சும்மா இருக்கும்வரை ஒழுங்காக இருக்கும், அனுப்பத் தொடங்கியதும் அணைந்து மறுபடி எழும். அதற்கு வேண்டியது 3.4 முதல் 4.4 வோல்ட் வரை. நான் 18650 லித்தியம் செல்லை நேரடியாகக் கொடுத்து, அந்த நொடி இழுப்பைத் தாங்க மோடத்தின் காலடியிலேயே 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றைப் பற்றவைத்தேன். மின்சாரம் போன நேரத்தில்தான் இந்தக் கருவிக்கு முக்கிய வேலையே என்பதால் பேட்டரி எப்படியும் வேண்டும். மோடத்தில் இருக்கும் சின்ன விளக்கைப் பாருங்கள்: நொடிக்கு ஒரு முறை மினுக்கினால் இன்னும் டவரைத் தேடுகிறது, மூன்று நொடிக்கு ஒரு முறை மினுக்கினால் பதிவாகிவிட்டது. பக்கத்தில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தால், செய்தி கிளம்பும்போது அதில் கரகரவென்று ஒரு துடிப்புக் கேட்கும். எங்கள் தொட்டி அறையில் அந்தச் சத்தம் கேட்டாலே செய்தி போகிறது என்று பெரியப்பா சொல்லிவிடுகிறார்.

பலகை மோடத்தோடு பேசுவது ஏ.டி. (AT) என்று தொடங்கும் சிறு எழுத்துக் கட்டளைகளால். 1981-இல் ஹேய்ஸ் நிறுவனத்தின் தொலைபேசி மோடத்தோடு வந்த முறை இன்றும் ஓடுகிறது. சி.எஸ்.க்யூ. கட்டளை சிக்னல் வலுவைச் சொல்லும், 0 முதல் 31 வரை. கான்கிரீட் கூரையும் இரும்புக் கதவும் உள்ள அறைக்குள் எனக்கு 7 காட்டியது. ஆன்டெனாவை இறவாரத்துக்கு வெளியே கொண்டுபோனதும் 16 ஆனது. சிம்மின் பின் நம்பர் (PIN) பூட்டை முதலில் ஒரு போனில் போட்டு எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு முறை எழும்போதும் மோடம் அந்த எண்ணைக் கேட்டுக்கொண்டு நிற்கும்.

வெப்பத்துக்கு டி.எஸ்.18பி20 உணரி. மின்சாரத்துக்குப் பழைய செல்பேசி சார்ஜர்கள் மூன்று, பேஸுக்கு ஒன்று. எந்த சார்ஜரில் வெளியீடு நின்றதோ அந்த பேஸ் போய்விட்டது என்று பலகைக்குத் தெரிந்துவிடும். பேனலில் கைவைக்கும் வேலையை மட்டும் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனிடம் விட்டேன். அது அவர் வேலை.

செய்தி தமிழில்தான் போக வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். ஆங்கிலத்தில் வந்தால் பெரியப்பா அதை யாரிடமாவது காட்டிப் படிக்கச் சொல்ல வேண்டும். நள்ளிரவில் யாரிடம் காட்டுவார்? ஆங்கில எழுத்தில் ஒரு செய்திக்கு 160 இடம், தமிழில் 70. ‘பா’ என்பது கண்ணுக்கு ஒரே எழுத்து, மோடத்தின் கணக்கில் ப-வும் கால் குறியும் சேர்ந்து இரண்டு. சி.எஸ்.சி.எஸ். கட்டளையில் தமிழ் போன்ற எழுத்துகளுக்கான யு.சி.எஸ்.2 என்ற குறியீட்டு முறையைக் கொடுத்து, சி.எஸ்.எம்.பி. கட்டளையின் கடைசி எண்ணை 8 ஆக்கி, ஒவ்வோர் எழுத்தையும் நான்கு இலக்கப் பதினறும (ஹெக்ஸ்) எண்ணாக மாற்றி அனுப்ப வேண்டும். பெறுகிறவரின் செல்பேசி எண்ணையும் அதே வடிவில்தான் கொடுக்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் பல விளக்கங்களில் இந்தக் கடைசிக் குறிப்பு மட்டும் இருக்காது. ‘பால் சூடு 9 டிகிரி. கரண்ட் 2 பேஸ்.’ என்ற செய்திக்கு 34 இடம்தான் ஆகிறது.

புதிதாகப் பால் ஊற்றும்போது தொட்டியின் சூடு ஏறத்தான் செய்யும். அதற்கெல்லாம் செய்தி வந்தால் நாளடைவில் யாரும் பார்க்க மாட்டார்கள். வைகை அணையில் 66 அடி, 68.5 அடி, 69 அடி என்று மூன்று கட்டமாக வெள்ள எச்சரிக்கை விடுவார்களே, அந்த முறையைத்தான் இங்கும் வைத்தேன். சூடு 8 டிகிரிக்கு மேல் 40 நிமிடம் தொடர்ந்து நின்றால் பெரியப்பாவுக்கு மட்டும். அதன் பிறகும் இறங்காவிட்டால் சங்கச் செயலாளருக்கும். 12 டிகிரியைத் தொட்டால் ஜெனரேட்டர் வாடகைக்கு விடும் மாமா உட்பட எல்லோருக்கும்.

இதையெல்லாம்விட முக்கியமானது காலை ஆறு மணிச் செய்தி. ஒன்றும் நடக்காத நாளிலும் ‘நலம்’ என்று தொடங்கி, பாலின் சூட்டையும் சிக்னல் எண்ணையும் அது அனுப்ப வேண்டும். மோடம் செத்துக் கிடந்தாலும் செய்தி வராது, எல்லாம் சரியாக இருந்தாலும் செய்தி வராது என்றால் அந்தக் கருவியை நம்பி யாரும் தூங்க முடியாது. ஆறேகாலுக்குள் அது வராவிட்டால் பெரியப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே தொட்டிக்குப் போய்விடுகிறார். ஒரு முறை அப்படிப் போனபோது சிம்மின் ரீசார்ஜ் முடிந்திருந்தது தெரிந்தது. அந்த நிலையிலேயே மறுபடி ஒரு பேஸ் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

சோழவந்தானிலிருந்து:

தம்பி சொன்ன காலைச் செய்தியை நானும் கையெடுத்துக் கும்பிட்டு ஆமோதிக்கிறேன். எங்கள் போர்வெல் மோட்டாரில் கடையில் வாங்கிய மொபைல் ஸ்டார்ட்டர் இருக்கிறது. மோட்டார் ஓடினால், நின்றால், தண்ணீர் இல்லாமல் ஓடினால் செய்தி வரும். நாற்று நட்டிருந்த சமயத்தில் சிம் தொலைந்து, அதே எண்ணுக்கு மாற்று சிம் வாங்கிப் போட்டோம். மோடம் டவரில் பதிவாகிவிட்டது, சிக்னலும் இருந்தது, ஆனால் ஒரு செய்தியும் போகவில்லை. மெக்கானிக் மோடத்தையே மாற்றச் சொல்லிவிட்டார். விசாரித்ததில், மோசடியைத் தடுப்பதற்காக மாற்று சிம்முக்கு முதல் 24 மணி நேரம் குறுஞ்செய்தியை நிறுத்தி வைப்பார்கள் என்று தெரிந்தது. மறுநாள் தானாகச் சரியானது. அந்த ஒரு நாளும் வரப்பிலேயே உட்கார்ந்திருந்தோம். மாற்று சிம் போடுகிறவர்கள் அறுவடை முடிந்த ஓய்வான நாளாகப் பார்த்துப் போடுங்கள்.

மதுரை கே.கே.நகரிலிருந்து:

நான் ஒரு மருந்து மொத்த விற்பனைக் கடையில் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன். தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டிகள் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். எங்களிடம் ஏற்கெனவே லினக்ஸ் கணினி ஒன்று எந்நேரமும் ஓடுவதால் சிம் போடும் பழைய யு.எஸ்.பி. டாங்கிள் ஒன்றைச் செருகி, அதன் வழியாகக் குறுஞ்செய்தி அனுப்பும் கம்மு என்ற இலவச மென்பொருளைப் போட்டேன். டாங்கிள் முதலில் தன்னை ஒரு சி.டி. டிரைவ் போலத்தான் காட்டும், யு.எஸ்.பி. மோட்ஸ்விட்ச் என்ற மென்பொருளைக் கொண்டு மோடமாக மாற்ற வேண்டும். அதற்குப் பிறகும் கம்முவால் திறக்க முடியாவிட்டால், மோடம்மேனேஜர் என்ற சேவை அந்தப் போர்ட்டைப் பிடித்து வைத்திருக்கிறதா என்று பாருங்கள். அதை நிறுத்தியதும் எங்களுக்கு உடனே வேலை செய்தது.

இனிமேல் புதிதாக வாங்குகிறவர்களுக்கு 4ஜி மோடமே நல்லது என்பது என் கருத்து. ஆஸ்திரேலியாவில் டெல்ஸ்ட்ரா என்ற செல்பேசி நிறுவனம் 2016 டிசம்பரிலேயே 2ஜியை மூடிவிட்டது. இங்கே இன்னும் ஓடுகிறது என்பதற்காகப் பத்தாண்டு நிற்க வேண்டிய கருவியை அதை நம்பி வைப்பது சரியில்லை. சிம்7600 போன்ற 4ஜி மோடங்களிலும் இதே ஏ.டி. கட்டளைகள்தான். ஒரு கேள்வி: ரீசார்ஜ் தீர்ந்துபோவதற்கு என்ன வழி செய்தீர்கள்?

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து, பதில்:

அண்ணன் சொல்வது சரி, அடுத்த தொட்டிக்கு 4ஜி மோடமே வாங்கப் போகிறோம். ரீசார்ஜுக்கு ஆண்டுத் திட்டம் போட்டுவிட்டேன். டேட்டா வேண்டாதவர்களுக்குப் பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டுமான திட்டம் தனியாகத் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதி கொண்டுவந்தது. அத்தகைய திட்டங்களின் செல்லுபடிக் காலம் 365 நாள் வரை இருக்கலாம். கடையில் அதைக் கேட்டு வாங்குங்கள், கேட்காவிட்டால் டேட்டா உள்ளதையே நீட்டுவார்கள். முடியும் தேதியைத் தொட்டி அறைச் சுவரில் பெயின்டால் எழுதியிருக்கிறோம், சங்கக் கணக்குப் புத்தகத்திலும் குறித்திருக்கிறோம். தேதி நெருங்கும்போது காலைச் செய்தியின் கடைசியில் ‘ரீசார்ஜ்’ என்ற சொல்லும் சேர்ந்து வரும்படி நிரலில் போட்டிருக்கிறேன். தமிழ் எழுத்துகளைப் பதினறும எண்ணாக மாற்றும் பகுதி வேண்டும் என்பவர்கள் கேளுங்கள், அப்படியே தருகிறேன். பால் சங்கத்தில் இருப்பவர்கள் என்றால் நேரில் வந்து பொருத்தியும் தருவேன்.